அப்பாவின் இடது கையும் வரப்போகும் ஜீப்பும்

வயற்காற்றில் உறங்கும் என் அம்மாவுக்கு,

நாங்கள் ஒரு ஜீப் வாங்கப்போகிறோம். சிரிக்காதீர்கள். நம் படலை வாசலில் வந்து நின்ற ஜீப்பெல்லாம் யாரையாவது விசாரிக்க வந்த ஜீப்தான் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இப்போது அந்தச் சொல்லை அப்பாவே வாய் நிறையச் சொல்லிக்கொண்டு திரிகிறார். விற்க வந்த தம்பி 'எஸ்யூவி' என்று நாசூக்காகத் திருத்திப் பார்த்தார். உயரமாக நிற்கிற எதுவும் அப்பாவுக்கு ஜீப்தான், அதற்கு மேல் பேச்சில்லை.

நல்ல செய்தி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உங்கள் கடைக்குட்டி கனடாவிலிருந்து கைதட்டுகிற படமெல்லாம் அனுப்புகிறான். கந்தோரில் கூட வேலை செய்கிறவர்கள் என்னிடம் இனிப்புக் கேட்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை அம்மா. அந்த ஜீப்பை எடுத்துக்கொண்டு அப்பா ஓடி வரப்போவது உங்களிடம்தான். வந்தவர் உங்களோடேயே நின்றுவிடுவாரோ என்ற பயம் என்னைப் பிடித்து ஆட்டுகிறது.

ஏன் இப்படிப் பயப்படுகிறாய் என்று கேட்பீர்கள். நான் ஒன்றைக் கண்டுவிட்டேன். அதை இன்னும் ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வதற்கும் கொஞ்சம் பின்னால் போய்த்தான் வரவேண்டும்.

சண்டை முடிந்து, கண்ணிவெடி எடுத்தாயிற்று, நீங்கள் உறங்கும் அடம்பனுக்கு உள்ளே இனிப் போகலாம் என்று அறிவித்தபோது நம்மில் முதல் ஆளாகப் போனவர் அப்பா. நாம் இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் தன் வீட்டில் நமக்கு ஒரு அறையை ஒதுக்கித் தந்த தவமணி அக்காவும் அப்போதுதான் தன் வயலுக்குத் திரும்பியிருந்தார். பற்றை வெட்டத் தொடங்கியதும் முதலில் உங்கள் சிலுவையைத்தான் தேடி எடுத்தாராம். உங்களைப் புதைக்கத் தன் மேட்டுக்காணியில் இடம் தந்த மனிசி, அந்தச் சிலுவையைத் துடைத்து நிமிர்த்தி, தங்கள் சைவ வழக்கப்படி ஒரு சிட்டி விளக்கும் கொளுத்தி வைத்திருந்தார். மெழுகுதிரி இல்லையென்று நீங்கள் கோபிக்கவில்லைத்தானே?

தோட்டவெளியில் நம் வீட்டைத் திரும்பக் கட்டி முடித்த பிறகு, பங்குச் சுவாமியார் ஒருநாள் வந்தார். உங்களை இங்கே நம் சேமக்காலைக் கல்லறைக்குக் கொண்டு வந்துவிடலாமே, பூசைக்கு வரும்போதெல்லாம் பார்க்கலாமே என்றார்.

"அவளை இன்னும் எத்தினை தரம் சுவாமி இடம்பெயர்க்கிறது?" என்று அப்பா கேட்டார்.

சுவாமியார் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார். பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அப்பா ஞாயிறு பூசை முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளை உதைத்து, மன்னார்த் தீவிலிருந்து பாலம் தாண்டி, உங்களிடம் வந்துகொண்டிருந்தார். அங்கே என்ன பேசுவீர்கள் என்று நான் கேட்டதில்லை. திரும்பி வரும்போது முகம் கழுவினது மாதிரி இருக்கும், அது எனக்குப் போதும்.

போன மாரியில் குளக்கட்டுப் பாதையில் சறுக்கி விழுந்தாரே, அது உங்களுக்குத் தெரியும். உங்கள் கண் முன்னால்தானே விழுந்தார். தவமணி அக்கா கண்டு தூக்கும்வரை சேற்றில் கிடந்திருக்கிறார். இடது முழங்கால் அன்று போனது போனதுதான். நான் மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்து அலுமாரிக்குள் ஒளித்தேன்.

பஸ் அடம்பன் சந்தியோடு நின்றுவிடும். மழை பெய்தால் ஒட்டோக்காரர்கள் கட்டுப் பாதைக்குள் வரமாட்டார்கள். ஞாயிறுகள் சும்மா கழிந்தன. என்னோடு சண்டை பிடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். குழம்பில் உப்புக் கூடினதைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழும்பினார். உப்பு விசயத்தில் அப்பா வாய் திறக்கவில்லையென்றால் அதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியாதா?

அந்த நேரம் பார்த்துத்தான் கந்தோரில் எனக்கு வரி குறைத்து வாகனம் வாங்குகிற பெர்மிட் கிடைத்தது. சின்னதாக ஒரு கார் எடுப்போம் என்றேன்.

"கார் அந்தக் கட்டில ஏறாது. வயிறு தட்டும். ஜீப் எடு," என்றார்.

"ஆர் ஓடுறது?"

"இதென்ன கேள்வி? நான்தான்."

அப்பாவிடம் லைசன்ஸ் இருக்கிறது அம்மா. நீங்கள் அதைக் காணவில்லை. கடலுக்குப் போவதை விட்ட பிறகு, மீன் பெட்டி ஏற்றுகிற பட்டா என்ற சின்ன லொறி ஒன்றைக் கொஞ்சக் காலம் ஓடினார். குறை சொல்லக் கூடாது, ஒரு கீறல் விழவில்லை. அதனால் நானும் சரியென்று தலையாட்டினேன்.

பிறகு தொடங்கியது பாருங்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களைக்கூட நம் வீட்டில் இவ்வளவு துருவித் துருவிப் பார்த்ததில்லை. தம்பி கனடாவில் இருந்துகொண்டே, மோதினால் எத்தனை காற்றுப் பை விரியும், எந்த வாகனத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று விடிய முதல் செய்தி அனுப்புவான். "அக்கா, ஓட்டோமெற்றிக்தான் எடுக்கவேணும். அப்பான்ர முழங்காலுக்குக் கிளச் மிதிக்க ஏலாது," என்றான். அது எனக்கும் நியாயமாகப் பட்டது. கிளச் இல்லை, கியர் மாற்றுகிற வேலை இல்லை, வலது கால் ஒன்றே போதும். வயது போனவருக்கு அதைவிட நல்லது என்ன?

என் பங்குக்கு நான் அப்பாவின் கதிரையை அளந்தேன். அந்தக் கதிரையில் இருந்து எழும்பும்போது அவர் முனகுவதில்லை. அதன் உயரத்துக்கு ஒரு நூல் எடுத்து முடிச்சுப் போட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். பார்க்கப் போன இடமெல்லாம் வாகனத்தின் கதவைத் திறந்து நூலைத் தொங்கவிட்டுப் பார்ப்பேன். ஒன்று மரம் ஏறுகிற மாதிரி உயரம். இன்னொன்றில் பள்ளத்தில் விழுந்தது மாதிரி இருக்கவேண்டும். விற்கிறவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கடைசியில் நூலுக்குச் சரியாக ஒன்று வந்தது. கம்பனித் தம்பி ஒருவர் அதை மன்னார் டவுனுக்கே கொண்டுவந்து காட்டினார். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். தட்டிப் பார்த்தார், குனிந்து அடியைப் பார்த்தார், ரயருக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவினார். புதுப் படகு வாங்கப் போனபோதும் இப்படித்தான் செய்தார் என்று நீங்கள் சொல்லிச் சிரிப்பது நினைவுக்கு வந்தது.

"தம்பி, உப்புக் காத்துக்கு இது கறள் பிடிக்குமோ?"

"இல்லை ஐயா. கீழ ஸ்பெஷல் பூச்சு பூசியிருக்கு."

"விக்கேக்க எல்லாரும் இதைத்தான் சொல்லுவினம்."

நிறம் கேட்டார்கள். வெள்ளை கையிருப்பில் இருக்கிறது, உடனே தரலாம் என்றார் அந்தத் தம்பி. அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பச்சையும் வேண்டாம். ஏன் என்று அந்தப் பிள்ளை கேட்கவில்லை, ஆட்களைப் பிடித்துப்போன வெள்ளை வானையும் ஆமியின் பச்சையையும் கண்டு வளர்ந்த நம் பக்கத்துப் பிள்ளைதானே அவரும். செங்கபில நிறத்தைக் காட்டியதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. "இது நல்லம். கறள் பிடிச்சாலும் தெரியாது," என்றார்.

பின்னால் போகும்போது முன்னால் ஒரு திரையில் பின்பக்கம் தெரிகிறது அம்மா. அப்பா அதை இரண்டு மூன்று தரம் போட்டுப் பார்த்தார். "பின்னுக்குப் போறதுக்கு ஏன் முன்னுக்குப் பாக்கவேணும்? எனக்குக் கழுத்து இருக்கு," என்று முடித்துவிட்டார். எல்லோரும் சிரித்தோம். அதுவரைக்கும் நல்ல நாளாகத்தான் இருந்தது.

பிறகு அப்பா வாகனத்தின் பின்பக்கம் போனார். "தம்பி, பின் சீற்றை மடிக்கலாமோ?" என்றார். மடித்துக் காட்டினார்கள். "மடிச்சால் ஒரு ஆள் நீட்டி நிமிந்து படுக்கலாமோ?"

அந்தத் தம்பி, தூரப் பயணம் போகும்போது நித்திரை கொள்ளத்தான் கேட்கிறார் என்று நினைத்து, தாராளமாகப் படுக்கலாம் ஐயா என்றார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்காலை இழுத்து இழுத்து உள்ளே ஏறி, நீட்டிப் படுத்தார். பாதம் கொஞ்சம் வெளியே நின்றது. படுத்தபடியே மேல் தட்டைப் பார்த்துக்கொண்டு, "அவள் என்னைவிடக் கட்டை. அவளுக்கு இது போதும்," என்றார்.

நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். உங்களை உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஆசுப்பத்திரிக்குப் போன அந்த மழை நாளைப் பற்றி அப்பா இதுவரை என்னோடு ஒரு சொல் பேசியதில்லை. கட்டுப் பாதையில் சில்லுப் புதைந்ததையும், நாங்கள் எல்லோரும் தள்ளியதையும், நடுவழியில் நீங்கள் குளிர்ந்துபோனதையும் பேசியதில்லை. அந்தப் பாதையில் ஏறக்கூடிய, ஒரு ஆளை நீட்டிப் படுக்க வைக்கக்கூடிய வாகனம் ஒன்றைத்தான் இத்தனை வருசமும் மனதுக்குள் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது கிடைத்துவிட்டது. யாருக்கு அம்மா இப்போது?

ஓடிப் பார்க்கச் சொன்னார்கள். அப்பா ஓட்டுகிற இடத்தில், நான் அவருக்கு இடது பக்கத்தில், கம்பனித் தம்பி பின்னால். டவுனிலிருந்து தலைமன்னார் ரோட்டால் நம் தோட்டவெளிப் பக்கமாகப் போனோம். அழகாகத்தான் ஓடினார். "சத்தமே இல்லை, எஞ்சின் வேலை செய்யுதோ?" என்று பகிடி விட்டார்.

ஒரு வளைவு திரும்பியதும் ரோட்டை மறித்துக்கொண்டு கழுதைகள். நம் ஊர்க் கழுதைகளை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஜனாதிபதி வந்தாலும் விலகாது. நடுவில் ஒரு குட்டியும் நின்றது. அப்பா காலை எடுத்தார், சரி. எடுத்த கால் பிரேக்குக்குப் போகவில்லை. இடது கை ஸ்ரேறிங்கை விட்டது. விட்ட கை கீழே வந்து, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கும் கியர்த் தடியைப் பிடித்து, மெல்ல முன்னுக்குத் தள்ளியது. பிறகு அப்பா நாடியை நிமிர்த்திக்கொண்டு, பதற்றமே இல்லாமல், முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தார். ஜீப் கழுதைகளை நோக்கி வழுக்கிக்கொண்டு போனது.

"ஐயா, பிரேக்! பிரேக்!" என்று பின்னாலிருந்து அந்தத் தம்பி கத்தினார்.

"அப்பா, கால்!" என்று நானும் கத்தினேன்.

அப்போதுதான் மிதித்தார். குட்டிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் இருந்தது. கழுதைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பனித் தம்பி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லை ஐயா, புது வாகனம், பழகப் பழகச் சரிவரும்," என்றார்.

பழகினால் சரிவருமா? அவருக்கு என்ன தெரியும்? அவர் கண்டது தடுமாறின ஒரு கிழவனை. நான் கண்டது வேறு. சின்னதில் அப்பாவோடு வலை எடுக்கப் போய் அணியத்தில், படகின் முன் நுனியில், குந்தியிருந்தவள் நான். அப்பா படகின் பின்னால் வலது பக்கமாக இருப்பார். இடது கை பக்கத்தில் எஞ்சின் கைபிடியில் இருக்கும். எல்லாம் அந்த ஒரு பிடிக்குள்தான். முறுக்கினால் வேகம், விட்டால் மெது, தள்ளினால் ஒரு பக்கம், இழுத்தால் மறுபக்கம். படகுக்குப் பிரேக் ஏது? கரை கிட்டினால் எஞ்சினைத் தணித்துவிட்டுச் சும்மா இருக்கவேண்டும், தண்ணீரே படகைப் பிடித்து நிறுத்தும். அம்மா, அன்று அப்பா கழுதைகளுக்கு முன்னால் படகைக் கரைக்கு அணைத்துக்கொண்டிருந்தார்.

பட்டா வாகனத்தில் ஏன் இது நடக்கவில்லை என்று யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தேன். அதில் கிளச் இருந்தது, கியர் இருந்தது, இடது காலுக்கும் கைக்கும் ஓயாத வேலை. வயதும் குறைவு. இப்போது நானும் தம்பியும் பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்த ஓட்டோமெற்றிக்கில் இடது கைக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா இருந்த கை தன் பழைய வேலையைத் தேடிப் போய்விட்டது. அந்தத் தடியும் சனியன் மாதிரி எஞ்சின் கைபிடி இருக்கவேண்டிய இடத்திலேயே நிற்கிறது.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. பாலத்தில் போகும்போதெல்லாம் இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்க்கிறேன், எதிரே பஸ் வருகிறது, அப்பாவின் இடது கை இறங்குகிறது. கண்ணைத் திறந்துகொண்டே இதைக் காண்கிறேன். கம்பனித் தம்பி, உறுதிப்படுத்தச் சொல்லி ஒவ்வொரு நாளும் கோல் எடுக்கிறார். தம்பி, "என்னக்கா இழுத்தடிக்கிறாய்?" என்கிறான். சொன்னால் அவன் வாகனமே வேண்டாம் என்பான், தூரத்தில் இருப்பவனுக்கு அது சுலபம். வேண்டாம் என்றால் அப்பா திரும்ப அந்த உப்புக் கூடின குழம்பைச் சாப்பிடுவார். வாங்கினால் என்ன நடக்கும் என்று எழுதவும் கை வரவில்லை. நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

ஒரு குறுக்கு வழியும் பார்த்தேன். கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பார்வை சரியில்லை என்று அவர் சொல்லிவிட்டால் பழி அவர் தலையில் போகட்டும் என்ற கள்ள யோசனைதான். டொக்டர் பார்த்துவிட்டு, இந்த வயதில் இப்படிக் கண் ஆருக்கு இருக்கு என்று பாராட்டி அனுப்பினார். அப்பா வழியெல்லாம் மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தார். எனக்கு அழுகை வந்தது.

இதற்கிடையில் அப்பா முற்றத்தில் ஜீப்புக்குக் கொட்டில் போடத் தொடங்கியிருந்தார். வேலை இல்லாத நேரம் அதற்குள் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். ஒன்றைக் கவனித்தேன். இடது கையை எப்போதும் தொடைக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டு இருந்தார். கை உளைகிறதாக்கும், எண்ணெய் பூசிவிட வேண்டும் என்று நினைத்தேன். பாருங்கள், என் மூளையை.

போன ஞாயிறு பூசையால் வந்ததும் கொட்டிலுக்குள் இருந்து கூப்பிட்டார். "பிள்ளை."

"ஓம் அப்பா."

"கழுதையள் நிண்ட அண்டைக்கு என்ர கை எங்க போனதெண்டு நீ கண்டனீ."

அது கேள்வி இல்லை. நான், "கண்டனான்," என்றேன்.

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

அப்பா தொடைக்குக் கீழே இருந்து கையை எடுத்தார். அந்தக் கையை வேறு யாருடையதோ மாதிரிப் பார்த்தார். "நான் அணைச்சுக்கொண்டிருந்தனான், பிள்ளை. கரை வந்திட்டுது, இனித் தானா நிக்கும் எண்டுதான் இருந்தனான். நீ கத்தினாப் பிறகுதான் ரோட்டே தெரிஞ்சுது. இந்தக் கைக்குச் சொல்லிப் பாத்தன், கேக்குதில்லை. அதுதான் அமத்தி வச்சிருக்கிறன்," என்றார்.

அவ்வளவு நாளும் நான் மட்டும்தான் பயந்துகொண்டு திரிகிறேன் என்று நினைத்திருந்தேன். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே பயத்தை ஆளுக்காள் ஒளித்துக்கொண்டு சோறு தின்றிருக்கிறோம்.

"அப்ப ஜீப் வேண்டாமோ அப்பா?"

"வேண்டாமெண்டு ஆர் சொன்னது? நீ ஓடு."

"நானோ? எனக்கு ஒட்டோவில பின்னால இருக்கவே பயம்."

"நல்லம். பயமில்லாதவன்தான் கழுதைக்கு மேல ஏத்துவான். நீ ஓடு, நான் அணியத்தில இருக்கிறன்."

அப்படித்தான் நான் ஓடப் பழகத் தொடங்கினேன். பழக்குகிறவரின் பழைய வாகனத்தில், உவர் வெளியில். முன்னால் பழக்குகிறவர் இருப்பதால் அப்பா பின் சீற்றில் இருந்துகொண்டு வழி சொல்கிறார். இடது வலது என்று சொன்னாலாவது தேவலை. கடலில் சொன்ன மாதிரியே காற்றின் பெயர்தான் வருகிறது. "வாடைப் பக்கம் திருப்பு பிள்ளை," என்கிறார். "கச்சானால வளை," என்கிறார். பழக்குகிறவர் முதல் நாள் கச்சான் கடலை விற்கிற கடையைத் தேடினார், பாவம். நான் வடக்கா மேற்கா என்று யோசித்து முடிப்பதற்குள் வாகனம் நின்றுவிடும்.

பயம் எங்கும் போய்விடவில்லை. முன்பு அப்பாவின் கையைப் பார்த்துப் பயந்தேன், இப்போது என் கையைப் பார்த்துப் பயப்படுகிறேன். ஆனாலும் கம்பனித் தம்பிக்கு ஓம் என்று சொல்லிவிட்டேன். வண்டி வந்ததும் சுவாமியார் தீர்த்தம் தெளிப்பதாகச் சொல்லியிருக்கிறார். தவமணி அக்கா ரயருக்குக் கீழே வைக்கத் தேசிக்காய் பறித்து வைத்திருக்கிறாராம். இரண்டும் நடக்கட்டும், எதையும் வேண்டாம் என்று சொல்லுகிற நிலைமையில் நான் இல்லை.

இனிச் சொல்லப்போவதுதான் நான் சொல்லக் கூடாதது. அன்று கொட்டிலுக்குள் எல்லாம் பேசி முடித்து நான் எழும்பும்போது அப்பா என் சேலைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒண்டு, பிள்ளை. நான் ஓடுறதை விட்டிட்டன் எண்டு கொம்மாட்டச் சொல்லாத."

"சரி அப்பா."

"கட்டு முடிஞ்சு தவமணியின்ர காணிக்கு இறங்கிற ஒழுங்கை இருக்கெல்லே, அதில மட்டும் என்னட்டத் தா. அதில மாடுகூட வராது. நான் ஓடிக்கொண்டு வந்து இறங்கிறதைத்தான் அவ பாக்கவேணும். அண்டைக்கு ஒரு வாகனம் கொண்டு வர என்னால ஏலாமப் போச்சு."

சரி என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்ல? இதோ உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லியும் விட்டேன். என்னிடம் எந்த இரகசியம் நின்றது, நீங்களே சொல்லுங்கள். நீங்கள் ஒன்றும் தெரியாத மாதிரியே இருந்துகொள்ளுங்கள் அம்மா. அப்பா கதவைத் திறந்து இறங்கும்போது, ஆச்சரியப்படுகிற அந்த முகத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்குத் தருகிறேன். லைசன்ஸ் கைக்கு வந்த முதல் ஞாயிறு நாங்கள் வருவோம். கொண்டல் பக்கம், கிழக்கே பார்த்து, பாலம் தாண்டி, கட்டுப் பாதை முழுவதும் நான்தான் ஓடுவேன், நத்தை மாதிரி. ஒழுங்கை தொடங்கும் இடத்தில் நிறுத்தி, இறங்கி, அப்பாவுக்கு இடம் கொடுப்பேன். உங்கள் சிலுவைக்கு வந்து சேரும்வரை அவருடைய இடது கையை என் இரண்டு கைக்குள்ளும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். நீங்கள் பார்த்தால் ஏதோ பாசம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பேச வேண்டியதையெல்லாம் இரண்டு பேரும் ஆறுதலாகப் பேசி முடியுங்கள், நான் தள்ளிப் போய் வரம்பில் நிற்கிறேன். ஆனால் பொழுது சாயும் முன் அவரை என்னோடு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் அம்மா. பின் சீற்றை நான் மடிக்க மாட்டேன். அவர் முன்னால் இருந்துதான் வருவார்.

அணியத்திலிருந்து எழும்பிப் பின்னுக்கு வந்துவிட்ட,
உங்கள் மூத்த பிள்ளை ரீற்றா